ரெண்டாயிரத்து நானூறு சுற்று

டீசல்காரன்தான் திருடுகிறான் என்று முதலில் முடிவு கட்டினேன். மாதம் ஐந்து பீப்பாய் குடித்த படகு ஆறு பீப்பாய் கேட்டால் வேறு என்ன நினைப்பது? படகு மணிக்கு ஒன்பது லிட்டர்தான் குடிக்கிறது. என் வீட்டுக்காரி தினமும் நோட்டில் எழுதுகிறாள். போன வருடமும் ஒன்பது, நேற்றும் ஒன்பது. அப்படியென்றால் குறை படகில் இல்லை, பீப்பாயில். நேராகப் போய் அவனிடமே கேட்டேன். பக்கத்தில் நின்று அளந்து வாங்கிக்கொள்ளச் சொன்னான். உன் அளவுப் பாத்திரத்தை யார் அளந்தது என்று கேட்டேன். அத்தோடு பேச்சு முறிந்தது. வேறு ஆளிடம் மாறினேன். அவனிடமும் ஆறு பீப்பாய். இவனும் அதே ஜாதித் திருடன் என்று எண்ணிக்கொண்டு, பீப்பாய் வைக்கும் கொட்டகைக்கு இரண்டு பூட்டுப் போட்டேன். ஒரு சாவி என் இடுப்பில், இன்னொன்று அவள் கழுத்தில். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலையில்லை.

எங்களுடையது முப்பத்தாறு அடி மரப்படகு. ஊர்த் துறையிலிருந்து எதிரே இருக்கும் தீவுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. சிமெண்ட் மூட்டை, கேஸ் சிலிண்டர், மெத்தை, கதவு நிலை, மனுஷர்கள், எது வந்தாலும் ஏற்றுவோம். வேலைக்கு இரண்டே பேர், நானும் அவளும். நான் பின்னால் நின்று சுக்கான் பிடிப்பேன். அவள் முன்னால் இருப்பாள். துறை நெருங்கும்போது கயிற்றோடு இறங்குவது அவள், கட்டுவது அவள், கிழவிகளைக் கைபிடித்து இறக்குவது அவள். என்ஜின் பெட்டியின் முன்முகத்தில் ஒரு மீட்டர் இருக்கிறது. என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும். டேங்கின் பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குழாய் இருக்கிறது. எத்தனை லிட்டர் மிச்சம் என்று காட்டும். இரண்டும் அவள் உட்காரும் பலகைக்கு எதிரே. நான் நிற்கும் இடத்திலிருந்து இரண்டும் தெரியாது. அவள் பார்த்துச் சொல்வாள், எழுதுவாள், டேங்க் குறைந்தால் அவளே ஊற்றி நிரப்புவாள். எனக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. கண்ணாடிக் கடைக்காரன் வருகிறவன் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும் என்றுதான் சொல்வான், அதனால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவள் கண் போதும் என்று இருந்துவிட்டேன்.

பக்கத்துப் படகுக்காரனைச் சுருட்டு என்று கூப்பிடுவோம். வாயில் எப்போதும் ஒரு சுருட்டு இருக்கும், பற்ற வைத்து யாரும் பார்த்ததில்லை. அவன் தன் படகுக்குப் புது விசிறி போட்டான். தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளுகிறதே புரொப்பல்லர், அதைத்தான் நாங்கள் விசிறி என்போம். போட்டதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு டீசல் மிச்சம் என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கதை அளக்கிறான் என்று நினைத்தேன். ஆனால் மாதக் கடைசியில் அவன் கொட்டகைக்குப் போய்ப் பீப்பாயைத் தட்டிப் பார்த்தேன். ஒன்று முழுசாக நின்றது.

விசிறி வார்க்கும் பட்டறைக்காரனுக்கு வாத்தி என்று பேர். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவன் இல்லை. ஒரு நட்டு வாங்கப் போனாலும் நட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பாடம் எடுப்பான், அதனால் வந்த பேர். நான் போனபோது தரையில் சாக்கு விரித்து மூன்று விசிறிகளைக் கவிழ்த்து வைத்திருந்தான். மூன்று இறக்கை ஒன்று, நாலு இறக்கை இரண்டு. எனக்கு எது என்று கேட்டேன். பாடம் ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, இது மரத்துல ஏத்துற ஸ்க்ரூ மாதிரி. ஒரு சுத்துக்கு எவ்வளவு முன்னால போகணுமோ அதுக்குப் பிட்ச்னு பேரு. பிட்ச் கம்மியா இருந்தா என்ஜின் சும்மா கத்தும், படகு நகராது. அதிகமா இருந்தா என்ஜின் மூச்சு வாங்கும், புகை தள்ளும். ரெண்டுலயும் டீசல் வீண். நடுவுல ஒரு இடம் இருக்கு, அதைப் பிடிக்கணும்."

பிடி என்றேன். பிடிப்பதற்குத் தான் படகில் வந்து தன் மீட்டரை வைத்து அளக்க வேண்டும் என்றான். அங்கேதான் எனக்கு உறைத்தது. விசிறி விற்கிறவனே மீட்டரையும் கொண்டுவந்தால் அந்த மீட்டர் யார் பக்கம் பேசும்? என் என்ஜின் பெட்டியை வெளியாள் திறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, இனியும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேண்டிய நம்பரைச் சொல், நாங்களே எடுத்துத் தருகிறோம் என்றேன். அவன் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தான். முழுப் பாரம் ஏற்றி, காற்றில்லாத நேரத்தில், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் தள்ளினால் எத்தனை சுற்று. ஒரு நடைக்கு எத்தனை நிமிஷம். மணிக்கு எத்தனை லிட்டர். கொடுக்கும்போது மறுபடியும் சொன்னான், நம்பர் தப்பினால் விசிறியும் தப்பும் என்று.

"என் வீட்டுக்காரி எழுதுற நம்பர் தப்பாது," என்றேன்.

இரண்டு நாள் கழித்து அறுபது மூட்டை சிமெண்டோடு எடுத்தோம். தண்ணீர் தட்டில் ஊற்றிய மாதிரி கிடந்தது. நடுவழியில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் தள்ளிவிட்டு எவ்வளவு என்று முன்னால் பார்த்துக் கத்தினேன். கொஞ்சம் தாமதித்துப் பதில் வந்தது: "ரெண்டாயிரத்து நானூறு." திரும்பி வரும்போது மறுபடி கேட்டேன், அதே. மறுநாள் கேட்டேன், அதே. லிட்டர் கேட்டேன், ஒன்பது. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. வாங்கின நாளில் என்ஜின்காரன் சொன்ன சுற்று அதுதான். பன்னிரண்டு வருடம் கழித்தும் என் என்ஜின் ஒரு சுற்று கூடக் குறையவில்லை.

வாத்தி நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொரு எண்ணும் கட்டைவிரல் அகலம், வரி கோட்டை விட்டு மேலே மேலே போயிருந்தது. அக்கா எழுத்து மலை ஏறுதே என்றான். படகில் உட்கார்ந்து எழுதிப் பார், உன் எழுத்து மரம் ஏறும் என்றேன். சிரித்தான், ஆனால் நோட்டை உடனே திருப்பித் தரவில்லை. இவ்வளவு பாரத்தோடு இத்தனை சுற்று வருகிறதென்றால் என்ஜினில் இன்னும் பலம் மிச்சம் இருக்கிறது, பிட்சை இரண்டு அங்குலம் கூட்டினால் குறைந்த சுற்றிலேயே அதே வேகத்தில் போகலாம், டீசல் மிச்சமாகும் என்றான். சொல்லிவிட்டு, இந்தப் படகுக்கு இது நம்ப முடியாத நம்பராக இருக்கிறது அண்ணே, ஒரே ஒரு தடவை நான் வந்து பார்த்துவிடுகிறேனே என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் பொய் எழுதுகிறாள் என்கிறாயா என்று கேட்டேன். அவன் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தான். பழசு இருபத்திரண்டு அங்குல அகலம், பதினாலு பிட்ச், மூன்று இறக்கை. புதுசு அதே அகலம், பதினாறு பிட்ச், நாலு இறக்கை. அப்படித்தான் முடிவானது.

படகைக் கரையேற்றிப் பழையதைக் கழற்றினோம். புது விசிறியின் பித்தளை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அவளும் வந்திருந்தாள். குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு இறக்கையையும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள், குளிப்பாட்டின பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. "உங்களை விட வழவழன்னு இருக்கு," என்றாள். பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் எதைப் பார்த்தாலும் அப்போது கையால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தோன்றவில்லை.

முதல் நடையிலேயே என்ஜின் முனகியது. ஏற்றத்தில் மூட்டை சுமக்கிறவன் மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரைத் தள்ளத் தள்ள வேகம் கூடவில்லை, புகைதான் கூடியது. கருப்புப் புகை. பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் போகிற தீவுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. சுற்று எவ்வளவு என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். எவ்வளவு என்று கேட்டால் எவ்வளவு என்று சொல் என்று அதட்டினேன். ரெண்டாயிரத்து நானூறு என்றாள்.

அப்படியே இறங்கிப் பட்டறைக்குப் போனேன். பட்டறையில் ஆறேழு பேர் இருந்தார்கள், சுருட்டும் இருந்தான். அத்தனை பேர் முன்னால் வாத்தியைப் பிடித்துக்கொண்டேன். உனக்கு வார்க்கவும் தெரியாது அளக்கவும் தெரியாது, வாயை மட்டும் வார்த்து வைத்திருக்கிறாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத வேண்டாம். அவன் கைகளைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"நீங்க குடுத்த நம்பருக்கு இதுதாண்ணே விசிறி," என்றான். "இப்பவாவது என்னை ஏத்துங்க. தப்பு என்னுதுன்னா இதே இடத்துல எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

சரி, வா என்றேன். அவனுக்காக இல்லை. அவன் மூக்கை உடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மறுநாள் காலை நடைக்கு வந்தான். டார்ச் லைட் மாதிரி ஒரு கைமீட்டர் வைத்திருந்தான். சுழல்கிற தண்டுக்கு நேரே காட்டினால் சுற்றைச் சொல்லும். நடுவழியில் நான் முழு வேகம் கொடுத்தேன். வாத்தி என்ஜின் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். பலகையில் உட்கார்ந்திருந்த அவளிடம் மரியாதையாகக் கேட்டான், அக்கா, உங்க மீட்டர் எவ்வளவு காட்டுது என்று. அவள் முன்னால் குனிந்து பார்த்தாள், பார்த்துவிட்டுச் சொன்னாள். அதே ரெண்டாயிரத்து நானூறு என்று அவள் சொன்னது பின்னால் நின்ற எனக்கும் கேட்டது.

வாத்தி கொஞ்ச நேரம் அந்த மீட்டரையே பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். பாடம் எதுவும் எடுக்கவில்லை. பின்னால் வந்து, சுக்கானில் கை வைத்து, "அண்ணே, நான் பிடிச்சுக்கறேன். நீங்க முன்னால போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க," என்றான்.

போனேன். மீட்டரில் எண் எனக்குத் தெரியாது, ஆனால் முள் தெரியும். ரெண்டாயிரத்து நானூறில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. முள் அதற்கு வெகு கீழே, பாதி வழியைக் கொஞ்சம் தாண்டிப் படுத்திருந்தது. டேங்க் குழாயைப் பார்த்தேன். காலையில் நிறைத்தது, அரை மணி நேரத்தில் ஒன்றரைக் கோடு இறங்கியிருந்தது. கோட்டுக்கு ஐந்து லிட்டர், அப்படியென்றால் மணிக்குப் பதினைந்து. எனக்கே தெரிந்தது. நான் அவளுக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் வாத்தி நிற்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அவர்கிட்ட எதும் சொல்லிடாதீங்க தம்பி," என்றாள், மெதுவாக.

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

திரும்பிப் பின்னால் வந்தேன். வாத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுக்கானை விட்டான்.

"மீட்டர் கெட்டுப்போச்சு," என்றேன்.

"ஆமாண்ணே. பழைய மீட்டர்தானே," என்றான் அவன்.

அன்று மத்தியான நடையை ஓட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் சமையலறையில் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். வெங்காயத்தின் தோல் எங்கே முடிகிறது என்று விரலால் தேடி, நகத்தால் கிள்ளி, உரித்து, மறுபடி விரலால் தடவிப் பார்த்தாள். எத்தனை நாளாக இப்படி உரிக்கிறாள் என்று யோசித்தேன். தெரியவில்லை. நான் அந்த அறைக்குச் சாப்பிடத்தான் போவேன்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

அவள் கை நின்றது. அப்புறம் மறுபடி உரித்தாள். "இடது கண்ணு மூணு வருஷம். வலது கண்ணு ஒன்றரை இருக்கும்."

"ஒண்ணுமே தெரியாதா?"

"ஓரத்துல தெரியும். நேரா பாத்தா நடுவுல புகை. துறை தெரியும், கயிறு தெரியும், படி தெரியும். எழுத்து தெரியாது, மூஞ்சி தெரியாது. உங்களைப் பாத்தா காது ரெண்டும் தெரியும், நடுவுல ஒண்ணுமில்ல." அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "பெரிய நஷ்டமில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சுருட்டுக்குத் தெரியுமா? அவன் பெண்டாட்டிக்குத் தெரியும் என்றாள். தீவுக் கரையில் டீக்கடை வைத்திருக்கிறவளுக்கும் தெரியுமாம். துறையில் யாரையெல்லாம் நான் திருடன், ஏமாற்றுக்காரன் என்று நினைத்தேனோ, அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவர்களும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நம்பரெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் இருந்த நம்பர்தானே. வருஷக்கணக்கா அதையே எழுதின கை. அதுவே எழுதிடும். டீசல் அதிகமா போகுதுன்னு ஊத்தும்போதே தெரியும், கேன் கனத்துல தெரியும். சொன்னா ஏன் முன்னாடியே பாக்கலன்னு கேப்பீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தீவுத் துறையில் ஒரு வயசான படகுக்காரன் தூணில் இடித்துவிட்ட நாளை ஞாபகப்படுத்தினாள். அவனுக்குக் கண்ணில் பிரச்சினை. அன்று நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவள் அதை அப்படியே சொன்னாள்.

"கண்ணு போனவனுக்குப் படகுல என்ன வேலை, வீட்ல கிடக்க வேண்டியதுதானேன்னு சொன்னீங்க. அன்னிக்குத்தான் எனக்கு வலது கண்ணுலயும் புகை ஆரம்பிச்சிருந்துச்சு. இந்த வீட்ல நாலு சுவத்துக்குள்ள பொழுதன்னிக்கும் நான் என்னங்க பண்ணுவேன்?"

மறுநாள் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான் யாரையும் நம்பாதவன், அந்த டாக்டரையும் நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். பார்வையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, திரும்ப வராது. ஒன்றரை வருடம் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டு வலது கண்ணைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது டாக்டர் பெண். ஏம்மா இவ்வளவு நாள் சும்மா இருந்தீங்க என்று அவளைக் கேட்டாள்.

பட்டறைக்குப் போய், அன்றைக்கு இருந்த ஆட்களில் பாதிப் பேராவது இருக்கிற நேரமாகப் பார்த்து, நம்பரை நான்தான் தப்பாகக் கொடுத்தேன் என்று சொன்னேன். சுருட்டு வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தி, மீட்டர் பழசு, யாராயிருந்தாலும் தப்பும் என்று மட்டும் சொன்னான். பழைய விசிறியை மறுபடி மாட்டி அவனே வந்து அளந்தான். முழு வேகத்தில் ரெண்டாயிரத்து ஐம்பது. மணிக்குப் பதினோரு லிட்டர். என்ஜின் குற்றமில்லை. போன சில வருடத்தில் நான் படகுக்குக் கூரை போட்டேன், பெஞ்சு போட்டேன், பாரமும் கூட்டினேன். மரமும் தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. பாவம், அந்த என்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியிருக்கிறது. பிட்சைக் கூட்டியிருக்கவே கூடாது, குறைத்திருக்க வேண்டும். பதினாறு பிட்சை உருக்கிவிட்டுப் பன்னிரண்டு பிட்சில் நாலு இறக்கை வார்க்கிறேன் என்றான்.

அந்த வார்ப்பு வருவதற்குள் ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் அவள் வழக்கம் போலப் படகுக்கு வந்தாள். என்னால் ஓட்ட முடியவில்லை. துறை நெருங்கும்போது அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு விளிம்பில் நிற்பாள். படகுக்கும் துறைக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர், அரைச் சாண் தண்ணீர். முன்பெல்லாம் நான் தூணைப் பார்த்து ஓட்டுவேன். இப்போது அவள் காலைப் பார்த்து ஓட்டினேன். மூன்றாம் நாள் படகைத் துறையில் இடித்துவிட்டேன். அவள் விழவில்லை. ஒரு குழந்தையோடு நின்ற பெண்ணொருத்தி விழுந்து முழங்கை கிழிந்தது. இடித்தது நான்தான், கண் தெரிகிறவன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"நாளையிலேருந்து நீ வரவேண்டாம்."

"நான் என்ன தப்புப் பண்ணேன்? கயிறு ஒரு நாளாவது விட்டிருக்கேனா? இத்தனை நாள் கட்டினதுதானே?"

"இத்தனை நாள் எனக்குத் தெரியாது."

"தெரியாதபோது நல்லாத்தானே ஓட்டுனீங்க?"

"இப்பத் தெரியும்ல," என்றேன். "இனிமே நான் எங்க பாத்து ஓட்டுறது?"

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை விட்டுக்கொடுத்திருப்பேன். கழுத்திலிருந்த கொட்டகைச் சாவியைக் கழற்றி, மேஜை எங்கே இருக்கிறது என்று ஒரு கையால் தொட்டுப் பார்த்து, அதன் மேல் வைத்தாள்.

முன்னால் நிற்க ஓர் ஆளைப் பிடித்தேன். துறையில் மூட்டை தூக்குகிறவன், குட்டை என்று கூப்பிடுவார்கள், நாற்பது வயது இருக்கும். வேலை தெரிந்தவன், பேசமாட்டான். புது விசிறி மாட்டின அன்று அறுபது மூட்டையோடு எடுத்தோம். நானே கண்ணாடிக் கடைக்குப் போய்ப் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி வந்திருந்தேன். நடுவழியில் குட்டையிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு முன்னால் போய், அவள் உட்காரும் பலகையில் உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. வேகத்தைக் குறைத்து எங்கள் வழக்கமான ஓட்டத்துக்குக் கொண்டுவந்தேன். புகை இல்லை. என்ஜின் சத்தத்தில் முனகல் போய்விட்டது. போய்வந்து குழாயைப் பார்த்துக் கணக்குப் போட்டால் மணிக்கு எட்டரை லிட்டர். நல்ல காலத்தில் இருந்ததை விடவும் அரை லிட்டர் குறைவு. துறையில் படகு சொன்ன இடத்தில் நின்றது. மறுநாளும் எட்டரை, அதற்கு மறுநாளும். வாத்தி முதுகில் தட்டிக் கொடுத்தேன். நான் ஒருவன் முதுகில் தட்டிக் கொடுத்து எத்தனை வருடம் ஆகிறதோ, அவனே கொஞ்சம் பயந்துவிட்டான்.

வீட்டுக்குப் போகும்போது வேகமாக நடந்தேன். பல மாதமாக அவளுக்குச் சொல்ல நல்லதாக ஒன்றும் என்னிடம் இருந்ததில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை, இன்னும் வெளிச்சம் இருந்தது. எட்டரை என்றேன். அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது ஒளிக்காமல் அப்படித்தான் திருப்புகிறாள்.

எல்லாவற்றையும் கேட்டாள். புகை வருகிறதா? பின்னால் எடுக்கும்போது இழுக்கிறதா? மெதுவாகப் போகும்போது அதிர்கிறதா? துறையில் யார் கட்டினது, ஒரே சுற்றிலா இரண்டு சுற்றிலா? கிழவிகளை யார் இறக்கினது? நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நல்லபடியாகச் சொன்னேன். உள்ளது உள்ளபடி சொன்னேன். எல்லாம் சரியாக நடக்கிறது, ஒரு குறையும் இல்லை, இந்த மாதம் ஐந்து பீப்பாய் கூட வேண்டியிருக்காது என்றேன். பேசப் பேச அவள் கேள்விகள் குறைந்தன. கடைசியில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

"நல்லதாப் போச்சு," என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் இல்லாமல் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. சொன்னதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

"அந்த ஆளுக்கு மழைக்கோட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வான்.

"சாக்கு போட்டுக்கிட்டு எப்படிக் கயிறு கட்டுவான்? கதவுக்குப் பின்னால என்னுது தொங்குது. எடுத்துட்டுப் போய்க் குடுங்க. எனக்கு எதுக்கு இனிமே."

இருக்கட்டும் விடு என்றேன். அவளே எழுந்து போய், கையால் துழாவி, ஆணியிலிருந்து எடுத்து, மடித்து, என் சாப்பாட்டுத் தூக்கோடு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். குட்டை அதைப் போட்டுக்கொண்டான். மஞ்சள் கோட்டு, தோளில் கயிறு தேய்த்த இடம் வெளுத்திருக்கும். ஆள் குள்ளம், அவளுக்குச் சரியாக இருந்தது அவனுக்கும் சரியாக இருந்தது. தலைமூடியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, முன்னால் அவள் நிற்கிற இடத்தில் நின்றான். தீவு போய்ச் சேரும்வரை, ஒரு மணி நேரம், அங்கேயே நின்றான். உள்ளே வந்து உட்கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்காமல் இருக்கவும் வழியில்லை. முன்னால் பார்க்காமல் படகு ஓட்ட முடியாது.